சென்டிமீட்டரில் வரவு, மீட்டரில் செலவு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6 மணி 28 நிமிடம் 53 நொடிக்குச் சுமத்ரா தீவின் வடமேற்கே கடலுக்கடியில் பாறை உடைந்தது. நாகப்பட்டினம் கரையில் தண்ணீர் ஏறியது 9 மணியை ஒட்டி. இடையில் இருந்தது ஏறக்குறைய 150 நிமிடம். மேஜையில் ஒரு நோட்டும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு அந்த நாளின் எண்களைப் பல தடவை கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும் இந்த 150இல்தான் வந்து நிற்கிறேன்.

முதலில் கடலின் கணக்கு. இந்தியத் தட்டு, சுமத்ராவையும் நிக்கோபார், அந்தமான் தீவுகளையும் தாங்கும் தட்டுக்கு அடியில் சரிந்து போய்க்கொண்டிருக்கிறது. அது உள்ளே நுழையும் இடத்தில் கடலடியில் நீண்ட பள்ளம் ஒன்று உண்டு. அதன் பெயர் சுந்தா அகழி. சுமத்ரா பக்கம் நகர்வு ஆண்டுக்கு 4, 5 சென்டிமீட்டர். விரல் நகம் வளர்வதைவிடக் கொஞ்சம் வேகம். வழுக்கிக்கொண்டே போனால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் இரண்டு தட்டும் உரசும் பரப்பு பூட்டிக்கொள்கிறது. கீழே போகும் தட்டு, மேல் தட்டின் விளிம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. மேல் தட்டு வில் போல வளைகிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்த 4, 5 சென்டிமீட்டர் வளைவாக வரவு வைக்கப்படுகிறது.

2004இல் பூட்டு தெறித்தபோது சில இடங்களில் பாறை சுமார் 20 மீட்டர் சரிந்தது. 20 மீட்டர் என்பது 2,000 சென்டிமீட்டர். ஆண்டுக்கு 4 என்று வகுத்தால் 500 ஆண்டுச் சேமிப்பு. தட்டுகள் சாய்வாக மோதுவதாலும் வேகம் இடத்துக்கு இடம் மாறுவதாலும் இது தோராயமான வகுத்தல்தான். ஆனாலும் மண்ணில் கிடைத்த சாட்சி இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. தாய்லாந்தின் பிரா தாங் தீவில் சதுப்பைத் தோண்டியபோது, 2004 அலை போட்டுவிட்டுப் போன மணலுக்குக் கீழே இன்னொரு மணல் அடுக்கு கிடைத்தது. அதற்கு வயது 550 முதல் 700 ஆண்டு. சுமத்ராவின் அச்சே கரையில் கிடைத்த அடுக்கு கி.பி. 1290க்கும் 1400க்கும் இடைப்பட்டது. பிற்காலச் சோழர் ஆட்சி முடிந்த கையோடு வரும் நூறாண்டு அது.

அச்சேயில் கடலோரக் குகை ஒன்றும் இருக்கிறது. அங்கே வௌவால் எச்சம் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. ஒவ்வொரு பேரலையும் அதன்மேல் ஒரு கை மணலைக் கொண்டுவந்து பரப்பியிருக்கிறது. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று பாய் கோடு போல. 2017இல் வெளியான ஆய்வு, இன்றைக்கு 7,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 2,900 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தக் குகைச் சுவடியில் 11 சுனாமிகளை எண்ணியது. சராசரி இடைவெளி 450 ஆண்டு. ஆனால் சராசரியை நம்பி உட்கார முடியாது. ஒரு கட்டத்தில் 2,000 ஆண்டுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. இன்னொரு கட்டத்தில் ஒரே நூற்றாண்டுக்குள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. 2004இல் செலவாகிவிட்டது, இனி ஐந்நூறு வருஷம் கவலையில்லை என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் குகையைத்தான் காட்டுவேன்.

இனி அந்த ஒரு காலையின் அளவுகள். உடைப்பின் நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பும் தூரத்துக்குச் சற்றே குறைவு. உடைப்பு நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கே ஓடியது; முழுதும் கிழிந்து முடிய 9 நிமிடம் போல ஆயிற்று. அகலம் 150 கிலோமீட்டர் என்று வைத்தால் பரப்பு 1,95,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,058. ஒன்றரைத் தமிழ்நாடு ஒன்பது நிமிடத்தில் அசைந்தது. கடலடி எழும்பியதில் இடம்பெயர்ந்த நீரை 30 கன கிலோமீட்டர் என்று மதிப்பிட்டார்கள். மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டி.எம்.சி.; அதாவது 2.65 கன கிலோமீட்டர். பதினோரு மேட்டூர் அணை நிரம்பிய தண்ணீரை ஒரே தூக்காகத் தூக்கிப் போட்டது போல.

தூக்கிய இடம் இருந்தால் இறங்கிய இடமும் இருக்கும். கிரேட் நிக்கோபாரின் தென்கோடி இந்திரா முனை 4.25 மீட்டர் கீழே போனது. அங்கே தரையில் நின்றிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியை இன்று கடல் நனைக்கிறது. வடக்கே அந்தமானில் நேர்மாறாகப் பவளப் பாறைகள் ஒரு மீட்டர்போல நீருக்கு மேலே வந்து வெயிலில் காய்ந்தன. ஒரே உடைப்பு, ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

இந்த மேலும் கீழும்தான் நம் கரைக்கும் தாய்லாந்துக்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. அகழியை ஒட்டிய மேற்குப் பக்கம் கடலடி எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக்கு முதலில் போனது பள்ளம்: கடல் உள்வாங்கியது, பிறகு அலை வந்தது. மேற்கே இலங்கைக்கும் தமிழகத்துக்கும் முதலில் வந்தது மேடு. சென்னைத் துறைமுகத்தின் நீர்மட்டக் கருவியும் முதல் அசைவை ஏற்றமாகத்தான் பதிந்தது. "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லத்தான் வேண்டும், 2004இல் அலைகளுக்கு நடுவே கடல் உள்வாங்கியதைப் பார்த்து வேடிக்கைக்கு இறங்கியவர்கள் உண்டு. ஆனால் அந்த அகழிப் பகுதி மறுபடி உடைந்தால் நம் கரையில் முதல் எச்சரிக்கையே அலையாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை யாரும் போதிய அழுத்தத்தோடு சொல்வதாக எனக்குத் தெரியவில்லை.

அலையின் வேகத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் போதும். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.81ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். வங்கக்கடலில் 3,500 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 185 மீட்டர். மணிக்கு 667 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் மணிக்கு 80. 10 மீட்டரில் மணிக்கு 36. முன்னால் போகும் தண்ணீர் நடை தளர, பின்னால் வருவது அதன்மேல் ஏறுகிறது. நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக அந்த வழியே பறந்தது. ஆழ்கடலில் அது அளந்த அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர், முழங்காலுக்குக் கொஞ்சம் மேல். அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் படர்ந்த அலை. பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போய் ஆழத்தில் நின்ற படகுகளுக்குத் தங்கள் அடியில் என்ன போகிறது என்பது தெரிந்திருக்க வழியில்லை. அதே அலை நாகையில் நாலைந்து மீட்டர், அச்சேயின் லோக்ங்கா கரையில் 30 மீட்டர் ஏறியது.

எல்லாக் கடற்பிளவும் இப்படிச் செய்யாது. 2012 ஏப்ரல் 11, பிற்பகல் 2.08க்கு அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுக்கம். சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள், மெரினாவிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். கரைக்கு வந்ததோ மிகச் சிறிய அலை. சுமத்ராவின் மியூலாபோவிலேயே ஒரு மீட்டர் அளவுதான். காரணம், அன்று பிளவின் இரு பக்கமும் பக்கவாட்டில் உரசின. பக்கவாட்டில் நகரும் தரை தண்ணீரைத் தூக்குவதில்லை. மாறாக 2010 அக்டோபர் 25இல் மென்தாவாய் தீவுகளில் 7.8 அளவு நடுக்கம். ஆட்டம் மெதுவாக இருந்ததால் பலர் ஓடவில்லை. அகழிக்கு மிக அருகே ஆழம் குறைந்த பகுதி நிதானமாகச் சரிந்து தண்ணீரை முழுதாகத் தள்ளியது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 2018 செப்டம்பர் 28இல் சுலவேசியின் பாலு நகரில் 7.5 அளவு, அதுவும் பக்கவாட்டுப் பிளவு; ஆனால் வளைகுடாவின் ஓரங்கள் சரிந்து விழுந்ததும் சேர்ந்து சில நிமிடங்களில் அலை வந்துவிட்டது. அதிர்வு, நிலச்சரிவு, அலை எல்லாம் சேர்த்து 4,300 பேருக்கு மேல். ரிக்டர் எண் ஒன்றைச் செய்தியில் கேட்டு, பெரிதா சிறிதா என்று முடிவுகட்டுகிற நம் பழக்கம் இந்த மூன்றிலும் தோற்றுப்போகிறது.

திசையும் கணக்கில் சேரும். பிளவு எந்தப் பக்கமாக நீள்கிறதோ அதற்குச் செங்குத்தாகத்தான் அலையின் பலம் போகிறது. 2004 உடைப்பு நிக்கோபாரில் வடக்கு தெற்காக ஓடியதால் அதன் முகம் நேராக இலங்கையையும் தமிழகத்தையும் பார்த்தது. வடக்கே பக்கத்தில் இருந்த வங்கதேசத்தில் இறந்தவர்கள் இரண்டு பேர்.

இனி மனிதர்களின் கணக்கு. 14 நாடுகளில் இறந்தவர், காணாமற்போனவர் சேர்த்து 2,27,898. இந்தோனேசியாவில் சுமார் 1,67,000. இலங்கையில் 35,322. இந்தியாவில் இறந்தவர் 10,749, காணாமற்போனவர் 5,640. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் கூட்டம் இருந்த நாள். இந்த 6,065ஐ எழுதும்போது கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் அது ஒரு தெருவின் பெயர் வரிசை.

பணக் கணக்கை உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. மூன்றும் சேர்ந்து போட்டன. தமிழகத்தின் சேதமும் இழப்பும் 81.5 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 3,500 கோடி ரூபாய் அளவு. அச்சேயில் 445 கோடி டாலர், அந்த மாகாணத்தின் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் 97 சதவீதம். மாலத்தீவில் உயிரிழப்பு நூறை ஒட்டித்தான், ஆனால் நட்டம் 47 கோடி டாலர். நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 62 சதவீதம். பிறகு உலகம் தருவதாகச் சொன்ன உதவி சுமார் 1,350 கோடி டாலர். சம்பவத்துக்கு முன் இந்தியப் பெருங்கடல் முழுமைக்குமான சுனாமி எச்சரிக்கை ஏற்பாட்டுக்குச் செலவானது: பூஜ்யம். அப்படி ஓர் ஏற்பாடே இல்லை. பசிபிக்கில் 1949 முதல் இருந்தது.

இந்தியா தன் எச்சரிக்கை மையத்தை ஐதராபாத்தில் 2007 அக்டோபரில் தொடங்கியது. செலவு சுமார் 125 கோடி ரூபாய். தமிழகம் ஒரு காலையில் இழந்த 3,500 கோடியை இதால் வகுத்தால் 28. உயிரை நான் இந்த வகுத்தலில் சேர்க்கவில்லை.

125 கோடி வாங்கித்தருவது என்ன? நேரம். ஆழ்கடலின் அடியில் வைத்த அழுத்தமானி, தலைக்கு மேல் சில கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும்போதே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஏற்றத்தை உணர்கிறது. அது ஒலியாக மேலே மிதவைக்குச் சொல்கிறது, மிதவை செயற்கைக்கோளுக்கு, செயற்கைக்கோள் ஐதராபாத்துக்கு. நிலநடுக்கம் நடந்து 10 நிமிடத்துக்குள் முதல் அறிவிப்பு என்பது இலக்கு. 2004இல் ஹவாயிலிருந்த பசிபிக் மையம் கால் மணி நேரத்தில் 8.0 என்று சொன்னது. உண்மையில் 9.1. வித்தியாசம் 1.1தானே என்று தோன்றும். ஆற்றலில் அது 45 மடங்கு. ஒன்பது நிமிடம் நீளும் உடைப்பை அதன் தொடக்கத்தை வைத்து எடைபோட்டதால் வந்த பிழை. ஜப்பானிலும் 2011 மார்ச் 11இல் இதே பிழை வந்தது: மூன்றே நிமிடத்தில் எச்சரிக்கை, ஆனால் முதல் மதிப்பீடு 7.9, இவாத்தே மாகாணத்துக்கு 3 மீட்டர் என்று சொன்னார்கள், அங்கே தண்ணீர் சில இடங்களில் 40 மீட்டரைத் தொட ஏறியது. சுமார் 15,900 பேர் இறந்தார்கள், நேரடிச் சேதம் 16.9 லட்சம் கோடி யென். அதற்குப் பின்தான் 150 கருவிகளைச் சுமார் 5,500 கிலோமீட்டர் கம்பிவடத்தில் கோத்துக் கடலடியில் கிடத்தினார்கள்.

கருவிக்குப் பராமரிப்பு என்று ஒரு செலவு உண்டு, அதுதான் முதலில் வெட்டப்படும் செலவு. 2018இல் பாலுவில் அலை வந்தபோது இந்தோனேசியாவின் 22 மிதவைகளில் ஒன்றும் இயங்கவில்லை. 2012 முதலே அப்படித்தான். நம் பக்கத்திலும் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வைத்த மிதவைகளில் படகைக் கட்டுவதும் பாகங்களைக் கழற்றுவதும் நடந்திருக்கிறது. மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசித்தான் அதைக் குறைக்க முடியும்.

இனி நோட்டில் நான் தனிப் பக்கம் ஒதுக்கி எழுதிவைத்த வரிகள். 2004இல் அலை வர ஆன நேரமும் போன உயிரும்:

சிமெலுவே தீவு, இந்தோனேசியா: 10 நிமிடம் அளவு. 78,000 பேரில் 7.
பண்டா அச்சே: 20 நிமிடம் அளவு. பல்லாயிரம்.
இலங்கை: 2 மணி நேரம் அளவு. 35,322.
நாகப்பட்டினம் மாவட்டம்: இரண்டரை மணி நேரம். 6,065.
சோமாலியா: 7 மணி நேரம் அளவு. ஏறக்குறைய 300.
கென்யா: அதற்கும் மேல். 1.

நேரம் கூடக் கூட உயிரிழப்பு குறைய வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் எழுதினேன். சிமெலுவே அதைக் கவிழ்த்துவிட்டது. உடைப்புக்கு மிக அருகில் இருந்த மக்கள் அவர்கள். மிதவை இல்லை, சைரன் இல்லை. 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து ஊரையே வாரிக்கொண்டு போயிருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "ஸ்மோங்". நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால் ஸ்மோங் வரும், மலைக்கு ஓடு என்று தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 97 ஆண்டு கழித்து அந்தச் சொல் வேலை செய்தது. மறுகோடியில் சோமாலியாவுக்கு 7 மணி நேரம் இருந்தது, சொல்ல ஆளில்லை. பக்கத்துக் கென்யாவில் செய்தி கிடைத்ததும் போலீசார் மொம்பாசாக் கடற்கரையைக் காலிசெய்தார்கள்.

நம் 150க்குத் திரும்புகிறேன். தமிழகத்தில் கடல் பெரும்பாலான இடங்களில் சில நூறு மீட்டர் உள்ளே வந்தது. ஆறும் முகத்துவாரமும் வழிவிட்ட இடங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர். பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார் என்று வைப்போம். மிக மோசமான இடத்திலும் 60 நிமிடத்தில் தப்பிவிடுவார். மிச்சம் 90. அதில் ஐதராபாத்துக்கு இன்று 10 நிமிடம். 80 நிமிடம் கையில் நிற்கிறது. அந்த 80 நிமிடத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து குப்பத்தின் கடைசி வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். கார் நிக்கோபார் தீவில் இந்தக் கழித்தலே கிடையாது. அங்கே அலைக்கும் நடுக்கத்துக்கும் நடுவே இருப்பது நிமிடங்கள்தான், தரை ஆடுவதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

கடைசி வீட்டுக்குச் செய்தி போன ஊர் ஒன்று 2004இலேயே இருந்தது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் இருந்தது. அதில் ஓர் ஒலிபெருக்கி. அன்றாடம் கடலின் அலை உயரத்தையும் மீனவர்களுக்கு வேண்டிய பிற தகவலையும் சொல்வதற்காக வைத்தது. அன்று மையம் பூட்டிக் கிடந்தது. ஊர் இளைஞர்கள் கதவை உடைத்து உள்ளே போய் அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அலை வந்து சுமார் 150 வீடுகளையும் 200 படகுகளையும் உடைத்தது. ஊரின் மக்கள்தொகை 3,600 சொச்சம். இறந்தவர் எவருமில்லை.